பழவேற்காட்டுப் பறவைகளும் பொன்னேரி வயல்களும்

ஆகாயத்துப் பறவைகளைக் கவனித்துப் பார்க்கும்படி ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் கூறியதை நம் பிரசங்கிகள் பெரும்பாலும் கவலையின்மைக்கு எடுத்துக்காட்டாகவே விளக்கி வந்துள்ளனர். பறவை உழவுத்தொழில் செய்வதில்லை என்பது உண்மையே. ஆயினும் மனிதன் உழும் வயலையும், அவன் வெட்டிய ஏரியையும் சார்ந்தே பல பறவைகள் உயிர் வாழ்கின்றன. ஆகவே உழவின் முறை மாறும்போது பறவைகளின் வாழ்வும் மாறுகின்றது. இவ்வுண்மையைப் பொன்னேரி வட்டாரத்தில் கண்கூடாகக் காணலாம்.

1. ஏரியும் அதன் விருந்தினரும்

பொன்னேரிக்குக் கிழக்கே அமைந்துள்ள பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. ஆரணி ஆறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகியவை நன்னீரைக் கொண்டு வருகின்றன; முகத்துவாரத்தின் வழியாக வங்கக் கடலின் உப்புநீர் உட்புகுகின்றது. இவ்விரு நீரும் கலப்பதால் இறால், நண்டு, புழு, பாசி ஆகியவை ஏராளமாய்ப் பெருகுகின்றன. தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் பரப்பு 1980ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

ஐப்பசி முதல் பங்குனி வரை இங்குப் பறவைகள் திரளாய் வந்து தங்குகின்றன. பூநாரைகள் ஆழமற்ற நீரில் அலகைத் தலைகீழாய் அமிழ்த்திச் சிற்றுயிர்களை வடிகட்டி உண்கின்றன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, உள்ளான் வகைகள் முதலியன வட ஆசியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வருகின்றன. வரித்தலை வாத்தோ இமயமலையையே கடந்து இந்திய நாட்டிற்குள் வரும் பறவையாகும். நெடும்பயணத்தால் மெலிந்து வரும் இவை, குளிர்காலம் முழுவதும் உண்டு கொழுப்பைச் சேர்த்துக்கொண்டால்தான் திரும்பிச் சென்று முட்டையிட இயலும். இங்கே உணவு குறையுமாயின், அங்கே குஞ்சுகள் குறையும்.

2. பழைய உழவின் ஒழுங்கு

பறவைகளுக்கு ஏரி மட்டும் போதாது. நீர்மட்டம் உயர்ந்துள்ள நாட்களில் குட்டைக்கால் பறவைகள் ஏரியில் நிற்க இயலாமல் அருகிலுள்ள வயல்களை நாடுகின்றன. வாத்துகளில் பல, பகலில் நீர்ப்பரப்பில் இளைப்பாறி, இரவில் வயல்களில் மேய்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகளும் தாங்கல்களும் நிரம்பி, கலங்கல் வழிந்து, மிகுநீர் ஆற்றின் வழியே கழிமுகத்தைச் சேர்ந்தது. சம்பா வயல்களில் நீர் நின்றது. அறுவடைக்குப் பின்னும் தாளடியில் ஈரமும், சிந்திய மணிகளும், களைகளின் விதைகளும், நத்தைகளும் எஞ்சி நின்றன. பறவைகள் வந்து தங்கும் பருவமும், வயலில் நீர் நிற்கும் பருவமும் ஒன்றாகவே இருந்தன.

3. நேர்ந்த மாற்றங்கள்

முதலாவது மாற்றம் நீரைப் பற்றியது. பசுமைப் புரட்சியின் குறுகியகாலப் பயிர்களும் மின்மோட்டாரும் வந்தபின், உழவர்கள் ஏரிப் பாசனத்தை விட்டு நிலத்தடி நீரை நாடினர். சென்னை மாநகரின் தேவைக்காகவும் மீஞ்சூர் பகுதியிலிருந்து நீர் இறைக்கப்பட்டது. அதனால் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்து கிணறுகள் உவர்த்தன. பராமரிப்பின்றித் தூர்ந்த ஏரிகள் பறவைகளுக்கும் பயனற்றவையாயின.

இரண்டாவது, இரசாயனங்கள். பூச்சிமருந்து பறவைகளின் இரையாகிய சிற்றுயிர்களைக் கொல்கின்றது. களைக்கொல்லி அவற்றின் உணவாகிய விதைகளை அழிக்கின்றது. மிகையான உரம் மழைநீருடன் கழிமுகத்தை அடைந்து பாசியைப் பெருக்கி நீரின் உயிர்வளியைக் குறைக்கின்றது.

மூன்றாவது, இறால் பண்ணைகள். 1990களின் தொடக்கத்தில் கடலோர நெல்வயல்கள் பல இறால் குளங்களாயின. வயல் சாண் ஆழ நீர்நிலை. இறால் குளமோ மூன்று நான்கு அடி ஆழமும் செங்குத்தான கரையும் உடையது. அதில் உள்ளான் நிற்க இயலாது. நிற்கக்கூடிய பறவையையும் பண்ணையார் வலை கட்டியும் வெடி வெடித்தும் விரட்டுவர். கழிவுநீர் ஏரியைக் கெடுத்தது. கசிந்த உப்பு அடுத்தவன் வயலைக் கெடுத்தது. நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பிழைத்த நிலமற்ற கூலியாட்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், வேலையிழந்தனர். பறவை துரத்தப்பட்ட அதே வரப்பிலிருந்து ஏழையும் துரத்தப்பட்டாள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சர்வோதயத் தலைவர் ச. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பளித்தது. பழவேற்காடு, சிலிகா ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைத்தலாகாது என்றும், விளைநிலங்களை இறால் குளங்களாக மாற்றலாகாது என்றும் அது விதித்தது. பின்னர் 2005ஆம் ஆண்டின் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் இத்தொழிலைப் பதிவுக்கும் ஒழுங்குமுறைக்கும் உட்படுத்தியது. எனினும் உவர்ந்த நிலம் ஒரு தீர்ப்பினால் உடனே இனிப்பாவதில்லை.

4. மாற்றுவழி உண்டா?

உழவரும் மீனவரும் பறவைக்குப் பகைவர் எனக் கொள்வது தவறு. பழவேற்காட்டு மீனவர் ‘பாடு’ என்னும் முறையால் மீன்பிடி இடங்களைத் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்து வந்தவர்கள். வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்குமாறு முறையிட்டு, 1798ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டு ஆட்சியரிடம் ஆணை பெற்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வைக்கோலை எரிப்பதை 1991ஆம் ஆண்டுச் சட்டம் படிப்படியாகக் குறைத்தபோது, உழவர்கள் குளிர்காலத்தில் வயலில் நீரைத் தேக்கித் தாளை மக்கச் செய்தனர். அவ்வயல்கள் இலட்சக்கணக்கான வாத்துகளுக்குப் புகலிடமாயின. உழவனுக்கு நட்டமின்றிப் பறவைக்கு இடமளிக்க இயலும் என்பதற்கு இவை சான்று. நட்டம் நேருமிடத்தில் அதைச் சமுதாயம் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டுமேயன்றி, ஏழை உழவன்மேல் மட்டும் சுமத்துவது நீதியாகாது.

5. திருமறையின் வெளிச்சத்தில்

எரேமியா 8:7 இல் தீர்க்கதரிசி, தன் காலத்தை அறிந்து வரும் பறவைகளைக் காட்டி, கர்த்தரின் நியாயத்தை அறியாத ஜனத்தைக் கடிந்துகொள்கிறார். இன்று பறவைகள் காலந்தவறாமல் வருகின்றன. அவை வந்திறங்கும் நிலத்தை நாம் மாற்றிவிட்டோம்.

யாத்திராகமம் 23:10, 11 நமது ஆழ்ந்த சிந்தனைக்குரியது. ஏழாம் ஆண்டில் நிலம் ஓய்ந்திருக்க வேண்டும். அதில் விளைவது ஏழைகளுக்கு. அவர்கள் விட்டது வெளியின் உயிர்களுக்கு என்று அங்கே கட்டளையிடப்படுகின்றது. ஏழையின் உரிமையும் விலங்கின் உரிமையும் ஒரே கட்டளையில் இணைக்கப்பட்டுள்ளன. பொன்னேரி வயல்களில் இவ்விரண்டும் ஒருங்கே பறிக்கப்பட்டது தற்செயலன்று; நிலத்திலிருந்து கடைசி மணி வரை ஆதாயமாக்கும் பேராசையே இரண்டிற்கும் காரணம்.

நம் சபைகள் ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகை கொண்டாடுகின்றன. முதற்பலனைப் பீடத்தில் படைக்கின்றோம். வயலில் எதை விட்டுவந்தோம் என்று கேட்பதில்லை. நிலமுடைய சபைகளும் நிறுவனங்களும் தங்கள் குத்தகை நிலங்களில் ஏரிப் பாசனத்தை மீட்கவும், நஞ்சைக் குறைக்கவும், தாளடியில் சிறிது காலம் நீர் நிறுத்தவும் முன்வரலாம். இவ்வட்டாரத்தில் ஊழியம் செய்யும் போதகர்கள் உழவர், மீனவர், கூலியாட்கள் ஆகிய மூவரையும் ஒன்றாய் அமரச் செய்து இதைப் பற்றிப் பேசலாம். பறவைகளைக் கவனித்துப் பாருங்கள் என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிதல், அவை வந்திறங்க ஈரநிலத்தை விட்டுவைப்பதிலிருந்து தொடங்குகின்றது.