இயந்திரம் படிக்கும் குறிப்பு

வங்கியில் பணம் அனுப்பும் படிவத்தில் ஒரு சுழியத்தைக் கூடுதலாக எழுதிவிட்டால், அதனைப் பெறும் எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, “இவ்வளவு தொகையா?” என்று வினவக்கூடும். அந்த ஒரு வினாவில் பிழை திருந்திவிடும். வினவுவதற்கு எவரும் இல்லாத இடத்தில், அனுப்பியதைத் திரும்பப் பெறவும் வழியில்லாத இடத்தில், பணத்தைக் கையாள்வது ஓர் இயந்திரமாக இருந்தால் என்ன செய்வது? செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கெனக் கிரிப்டோ நாணயப் பரிமாற்றக் கருவிகளை உருவாக்குவோர் எதிர்கொள்ளும் வினா இது. இதற்குரிய விடையில் பெரும்பகுதி, கருவியோடு சேர்த்து எழுதப்படும் குறிப்பில் அடங்கியிருக்கிறது.

தரகர் இல்லாத பண்டமாற்று

பிட்காயின் 2009ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. 2015இல் வந்த எத்தீரியம், பணக் கணக்கைப் பதிவதோடு நில்லாமல், நிரல்களையும் தன் பிளாக்செயினில் இயங்கச் செய்தது. திறன் ஒப்பந்தங்கள் எனப்படும் அந்நிரல்களைக் கொண்டு எவரும் தமக்கென ஒரு டோக்கனை உருவாக்கலாம். ஒரு டோக்கனைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுவது பழைய பண்டமாற்றினை ஒத்தது. 2018இல் தொடங்கப்பட்ட யுனிஸ்வாப் இதனைத் தரகர் இன்றியே நிகழ்த்தியது. இரு டோக்கன்களைப் பொது இருப்பில் வைத்து, அவ்விரு அளவுகளின் பெருக்கற்பலன் மாறாதவாறு விலையைக் கணிப்பது அதன் முறை.

கட்டணத்தை ஒதுக்கிவிட்டு எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். இருப்பில் 100 ஈத்தரும், டாலருக்கு நிகரான 3,00,000 டோக்கன்களும் உள்ளன. ஆகவே ஓர் ஈத்தரின் விலை 3,000. ஒருவர் 300 டோக்கன்களைச் செலுத்தினால் ஏறத்தாழ 0.0999 ஈத்தர் பெறுவார். இழப்பு கண்ணுக்குத் தெரியாது. அவரே 30,000 செலுத்தினால், எதிர்பார்த்த 10 ஈத்தருக்கு மாறாக ஏறத்தாழ 9.09 மட்டுமே கிடைக்கும். வாங்கும் அளவே விலையை நகர்த்திவிடுகிறது. எனவே ஒவ்வொரு பரிமாற்றத்தோடும், ‘இதற்குக் குறைவாகக் கிடைக்குமானால் நிறுத்திவிடு’ என ஒரு குறைந்தபட்ச அளவை அனுப்புவது வழக்கம். விலை மிகுதியாக விலகும்போது மனிதருக்குத் திரையில் எச்சரிக்கை தோன்றும். முகவருக்குத் திரை இல்லை.

முகவர் எதைப் படிக்கிறது?

முகவரை இயக்கும் மொழி மாதிரியிடம் கருவிகளின் பட்டியல் ஒன்று தரப்படுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், நிரப்பவேண்டிய உள்ளீடுகள் ஆகியவை அதில் இருக்கும். பயனர், “நூறு டாலருக்கு ஈத்தர் வாங்கு” என்றதும், அது விளக்கங்களைப் படித்து, ஏற்ற கருவியைத் தேர்ந்து, உள்ளீடுகளை நிரப்பி அழைக்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் இவ்வகை இணைப்புக்கு ஒரு பொது வடிவம் தந்தது. மனிதருக்கு எழுதப்படும் கையேட்டைப் படிக்காமலும் கருவியைக் கையாளலாம். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறோம். முகவருக்கோ அவ்விளக்கமே கருவியின் முழு உருவம்.

விடுபட்ட ஒரு சொல்

‘அளவு: மாற்ற வேண்டிய அளவு’ என ஒரு குறிப்பு எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். குறையற்ற வாக்கியம் போலவே தோன்றுகிறது. எந்த அலகில் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. ஒப்பந்தத்திற்குள் தொகைகள் மிகச் சிறிய அலகில் முழு எண்களாகவே எழுதப்படும். ஓர் ஈத்தர் என்பது 1க்குப் பின் 18 சுழியங்கள் இட்ட அத்தனை ‘வெய்’. யு.எஸ்.டி.சி. என்னும் டாலர் டோக்கனுக்கோ 6 சுழியங்களே.

100 யு.எஸ்.டி.சி.யை மாற்றக் கருதிய முகவர் 100 என்றே எழுதினால், ஒரு சென்டின் நூறில் ஒரு பங்குதான் மாறும். 18 சுழியங்களைச் சேர்த்தால் இருப்பு போதாமல் பரிமாற்றம் நின்றுவிடும். இவை பெருந்தீங்கு இழைக்காத பிழைகள். குறைந்தபட்ச அளவில் நேரும் பிழையே அஞ்சத்தக்கது. 0.03 ஈத்தரேனும் பெற வேண்டும் என்பதை 6 சுழியக் கணக்கில் 30,000 என எழுதினால், ஒப்பந்தம் அதனை 30,000 வெய் எனக் கொள்ளும். அது ஒன்றுமில்லாமைக்கு ஒப்பு. பரிமாற்றம் வெற்றி பெறும். காவல் மட்டும் இராது. நிலுவையிலுள்ள பரிவர்த்தனைகளை நோட்டமிட்டு, அவற்றின் முன்னும் பின்னும் தம் வணிகத்தைச் செருகி, விலை வேறுபாட்டைக் கவர்ந்துகொள்ளும் நிரல்கள் அங்கு ஓயாமல் இயங்குகின்றன.

‘செலுத்தும் டோக்கனின் மிகச் சிறிய அலகில் முழு எண், 100 யு.எஸ்.டி.சி. எனில் 100000000’ என்று எழுதியிருந்தால் ஐயத்திற்கு இடமில்லை. இத்தகைய குறிப்புகளில் ஓர் எடுத்துக்காட்டு எண், பத்து வரி விளக்கத்தினும் பயனுடையது என்றே தோன்றுகிறது.

டோக்கனின் பெயரும் நம்பத்தக்கதன்று. ஒரே பெயரில் பல டோக்கன்களை எவரும் உருவாக்கலாம் என்பதால், ஒப்பந்த முகவரியையும் அது எந்தப் பிளாக்செயினில் உள்ளது என்பதையும் கேட்பதே முறை. விலை கேட்கும் கருவியும் மாற்றும் கருவியும் தனித்தனியே அமைவது நன்று. முன்னதை எத்தனை முறையும் அழைக்கலாம். பின்னது மீளாதது, பயனரின் ஒப்புதலுக்குப் பின்னரே அழைக்கத்தக்கது என்பதைக் குறிப்பு வெளிப்படையாகக் கூற வேண்டும். ஆயினும் மொழி மாதிரி தான் படித்ததை எப்போதும் பின்பற்றும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே தொகைக்குரிய உச்சவரம்பை நிரலிலேயே வைப்பதும் வேண்டும்.

எளிதில் விடுபட்டுப்போகும் பகுதி, தோல்வியைப் பற்றியது. அழைப்புக்கு உரிய நேரத்தில் விடை வரவில்லை என்றால், முகவர் மீண்டும் ஒருமுறை அழைத்துப் பார்க்க முனையும். முதல் பரிமாற்றம் தாமதமாக நிறைவேறியிருக்குமானால், பயனரின் பணம் இருமுறை மாறிவிடும். ‘விடை வராவிடில் மீண்டும் அழைக்காதே, பரிவர்த்தனை எண்ணைக் கொண்டு முதலில் நிலையை அறிந்துகொள்’ என்னும் வரி, கருவியின் விளக்கத்திலும் அது திருப்பி அனுப்பும் பிழைச் செய்தியிலும் ஆக இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். தடுமாறும் நேரத்தில் முகவர் இறுதியாகப் படிப்பது அந்தப் பிழைச் செய்தியைத்தான்.