முள் குத்திய காலும் மதுரைக் கால் நோயும்

இராமநாதபுரம் சீமையிலே முள் தைக்காத கால் என்று ஒன்று இருக்க முடியாது. முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கத்து மிளகாய்க் கொல்லைகளில் ஆனாலும், இராமேசுவரம் தீவில் குடைபோல் கவிந்து நிற்கும் உடைமரங்களின் அடியில் ஆனாலும், சீமைக் கருவேல் மூடிக்கொண்டுவிட்ட கண்மாய்க் கரைகளில் ஆனாலும், நடப்பவர் முள்ளை மிதித்தே தீரவேண்டும். வீட்டுக்கு வந்து திண்ணையில் அமர்ந்து ஊசியால் முள்ளை எடுத்தெறிந்துவிட்டு, மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் புறப்படுகிறோம். பெரும்பாலோருக்குக் காரியம் அத்துடன் முடிந்துவிடுகிறது. அவ்வாறு முடியாமற்போகும் சிலரைப் பற்றியதே இக்கட்டுரை.

முள் போன பின்னும், அதனோடு உட்புகுந்த கிருமி அச்சிலருடைய தசைக்குள் தங்கிவிடுகிறது. சில மாதங்கள் கழித்தோ, சில ஆண்டுகள் கழித்தோ, முள் குத்திய நினைவே மறைந்துபோன பிறகு, பாதத்தில் கெட்டியான சிறு கட்டி ஒன்று தோன்றும். அதில் வலி இராது, காய்ச்சலும் இராது. கட்டி மெல்ல மெல்லப் பருத்துப் பாதத்தை வீங்கச் செய்யும். தோலில் சிறு சிறு துவாரங்கள் திறக்கும். அவற்றின் வழியே நீரும் சீழும் வடிவதோடு, கசகசாவைப் போன்ற குருணைகளும் வெளிப்படும். ஒரு துவாரம் மூடினால் வேறோர் இடத்தில் மற்றொன்று திறக்கும். இதற்குள் நோய் எலும்பையும் அரிக்கத் தொடங்கியிருக்கும். நரம்புகளும் தசைநாண்களும் நெடுநாள் கெடாமல் இருப்பதால் நோயாளி நடமாடிக்கொண்டேயிருக்கிறார். வலி கண்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில், பாதத்தைக் காப்பாற்ற முடியுமா என்பதே கேள்வியாகிவிடுகிறது.

வலித்திருந்தால் முதல் வாரத்திலேயே வைத்தியரிடம் ஓடியிருப்பார். வலிக்காமல் வளர்வதுதான் இந்நோயின் கொடுமை.

இதற்கு உலகெங்கும் வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘மதுரைக் கால்’ என்பதாகும். 1842-ஆம் ஆண்டில் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்னும் ஆங்கில வைத்தியர் இந்நோயைக் கண்டு எழுதினார். 1846-இல் கோல்புரூக் என்பவர் ‘மதுரைக் கால்’ என்ற பெயரால் அதனைக் குறித்தார். இவ்வட்டாரத்து மக்களின் வழக்கையே அவர் எடுத்தாண்டார் என்பர். இராமநாதபுரம் தனி ஜில்லாவாக அமைந்தது 1910-இல்தான். அதற்கு முன்பு இக்கடற்கரைச் சீமையின் பெரும்பகுதி மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க. பெயர் மதுரையுடையதாயினும் அதில் நமக்கும் பங்கு உண்டு. இது பெருமைக்குரிய பங்கு அன்று.

இந்நோய் ஏன் வருகிறது என்று முறையாக ஆராய முற்பட்டவர் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர். மருத்துவ மாணவர்கள் இன்றும் போற்றும் ‘கிரேயின் உடற்கூறு நூல்’ 1858-இல் வெளிவந்தபோது அதற்குப் படங்கள் வரைந்தவர் அவரே. அறுக்கப்பட்ட பாதங்களைப் பிளந்து, உள்ளே இருந்த குருணைகளை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்து, அவை பூஞ்சைக் காளானின் திரள்கள் என்று அவர் முடிவு செய்தார். 1860-இல் ‘மைசிடோமா’, அதாவது காளான் கட்டி, என்ற பெயரைச் சூட்டினார். 1874-இல் இதற்கென்றே ஒரு தனி நூலும் எழுதினார். அவர் சொன்னதில் பாதி சரி. மறுபாதி பின்னாளில் வந்தவர்களால் தெளிவாயிற்று. 1894-இல் வின்சென்ட் என்னும் பிரெஞ்சு வைத்தியர் ஒரு நோயாளியின் குருணையிலிருந்து வளர்த்தெடுத்த உயிர் காளான் அன்று; காளானைப்போல் இழையிழையாக வளரும் ஒருவகைப் பாக்டீரியா. அதற்கும் நம் மதுரையின் பெயரையே வைத்தார்கள். கடைசியில் 1913-இல் பினுவா என்பவர், ஒரே தோற்றமுடைய இந்நோயின் பின்னே இருவேறு இனத்துக் கிருமிகள் இருக்கின்றன என்று பகுத்துக் காட்டினார்.

இந்தப் பகுப்பில்தான் நோயாளியின் கால் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. பாக்டீரியாவினால் வந்த நோயை மருந்தினாலேயே பெரும்பாலும் குணப்படுத்தலாம். கத்தி வைக்க வேண்டிய அவசியம் அரிது. காளானால் வந்ததோ மருந்துக்கு எளிதில் பணிவதில்லை. நீண்ட நாள் மாத்திரையும் அதனோடு அறுவைச் சிகிச்சையும் வேண்டும். நம் நாட்டில் மொத்தத்தில் பாக்டீரியா வகையே மிகுதி. ராஜஸ்தானத்து வறண்ட பகுதிகளில் மட்டும் காளான் வகை மேலோங்கி நிற்கிறது. ஆகவே, தமிழ்நாட்டில் ஒருவருக்கு மதுரைக் கால் என்றவுடன் இனி வெட்டுவதைத் தவிர வழியில்லை என்று வீட்டார் மனமுடைந்து போவது தேவையில்லாத துயரம். எந்த இனம் என்று பாராமலே மாத்திரை விழுங்குவது வீண் செலவு. பாராமலே வெட்டுவது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

எந்த இனம் என்பதைக் குருணை சொல்லிவிடும். குருணை கறுப்பாயின் அது காளான், சிவப்பாயின் பாக்டீரியா. வெண்மையோ மஞ்சளோ ஆனால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஆதலால் கண்ணால் பார்த்து முடிவு கட்டுதல் தகாது. நுண்பெருக்கியில் பார்க்க வேண்டும். சிறிது சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். கிருமியை வளர்த்தும் பார்க்க வேண்டும். வளர்ப்புக்குச் சில வாரங்கள்கூட ஆகும். எலும்புவரை சென்றுவிட்டதா என்பதை எக்ஸ்ரே முதலிய படங்கள் காட்டும். “ஒரு புண்ணுக்கு இத்தனை நாளா?” என்று சலித்துப் பாதியில் திரும்புவோர் உண்டு. பரிசோதனை முடிவதற்குள் கையில் கிடைத்த கிருமிநாசினி மாத்திரைகளைக் கடையில் வாங்கித் தின்பதால் கிருமியைக் கண்டுபிடிப்பதும் கடினமாகிறது.

பாக்டீரியா வகைக்கு மருந்து முறை வகுத்ததில் இரண்டு நாடுகளுக்குச் சிறப்பு உண்டு. மெக்சிகோவில் வெல்ஷ் என்பவரும் அவருடைய துணைவர்களும் அமிக்கசின் என்னும் ஊசி மருந்தையும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையையும் இணைத்துக் கொடுத்துப் பெற்ற பலனை 1987-இல் வெளியிட்டனர். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ராமம் முதலியோர், முதலில் சில வாரங்கள் ஊசியும் மாத்திரையும், பின்னர்ப் பல மாதங்கள் மாத்திரை மட்டும் என இருபடியாக அமைந்த முறையை 2000-இல் வெளியிட்டனர். பின்னர் அது மேலும் எளிதாக்கப்பட்டது. இவ்வூசி மருந்துகள் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை. ஆகவே இடையிடையே சோதனை அவசியம். புண் ஆறியதும் மருந்தை நிறுத்திவிடுவது பலரும் செய்வது. தோல் மூடியிருக்கும், உள்ளே குருணை இருக்கும், நோய் திரும்பும்.

காளான் வகையில் ஆராய்ச்சி இன்னும் நெடுந்தூரம் செல்லவேண்டியிருக்கிறது. கறுப்புக் குருணை என்பது காளான் தனக்குத் தானே கட்டிக்கொண்ட கோட்டை போன்றது. அதன் கறுப்புக்குக் காரணமான மெலனின் என்னும் பொருளே மருந்து உள்ளே செல்லாதபடி காப்பதாக ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். இட்ராகோனசோல் மாத்திரையை ஓராண்டும் அதற்கு மேலும் நாள்தோறும் சாப்பிட்டும் குணமடையாதோர் உண்டு. கட்டி சிறிதாக இருக்கும்போதே மருந்தும் கொடுத்து முழுவதையும் அகற்றிவிட்டால் பாதம் தப்பும். தாமதித்தால் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று வெட்டு ஏறிக்கொண்டே போகும்.

இந்நோயை ஆராய்வதற்கென்று சூடான் நாட்டுக் கார்ட்டூம் நகரில் 1991-இல் ஒரு நிலையம் தோன்றியது. அந்நாட்டிலும் முட்காடு, வெறுங்கால், வறுமை ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் 2016-இல்தான் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கில் எழுதி 174 ஆண்டுகள் கடந்த பின்பு! 2017-இல் கார்ட்டூம் நிலையத்தில் 104 நோயாளிகளைக் கொண்டு, பாஸ்ராவுகோனசோல் என்ற புது மருந்தைப் பழைய மருந்தோடு ஒப்பிடும் சோதனை தொடங்கியது. 2024-இல் முடிவு வெளியாயிற்று. குணமாக்குவதில் புது மருந்து பழையதை விஞ்சவில்லை. ஆயினும் தினமும் விழுங்க வேண்டிய மாத்திரைகளுக்குப் பதிலாக வாரம் ஒருமுறை சாப்பிட்டால் போதும். நகரத்தில் இருப்போருக்கு இது சிறு வேறுபாடாகத் தோன்றலாம். மாத்திரை வாங்க ஒருநாள் கூலியை இழந்து பஸ் ஏறுவோருக்கு அப்படியன்று. 2023 ஏப்ரலில் மூண்ட உள்நாட்டுப் போரில் அந்நிலையம் அழிந்தது. பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த நோய்க்குறிப்புகளும் மாதிரிகளும் அதனோடு போயின.

இந்நோய் யாரைப் பிடிக்கிறது? இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்ட ஆண்களை மிகுதியாகப் பிடிக்கிறது, பெண்களையும் விட்டுவைப்பதில்லை. பாதத்துக்கு அடுத்தபடியாகக் கையில் வரும். விறகும் முட்கட்டும் சுமப்பவர்களுக்கு முதுகிலும் தோளிலும் வருவதுண்டு. கரிமூட்டத்திற்குக் கருவேல் வெட்டுவோரும், ஆடு மேய்ப்போரும், களையெடுப்போரும் இதனைக் கவனித்தல் வேண்டும். பரமக்குடி, எமனேசுவரம் நெசவாள அன்பர்கள், “இது காட்டு வேலைக்காரர்களின் நோய்” என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நெசவில்லாத நாளில் விறகுக்கும் கூலி வேலைக்கும் போகாத வீடு எத்தனை? குழித்தறியில் மிதியை மாற்றி மாற்றி அழுத்தும் கால் போய்விட்டால், கையில் எத்தனை தொழில் இருந்தாலும் சேலை நகராது.

இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது. நோயாளிக்குத் தனித் தட்டு வைப்பதும், அவரைத் திண்ணையில் ஒதுக்குவதும் அறியாமை. யானைக்கால் நோய் கொசுவினால் வருவது. அதில் கால் முழுதும் வீங்குமே ஒழியக் குருணை வராது. தொழுநோய்ப் புண் உணர்ச்சியற்ற பாதத்தில் வருவது; இதில் உணர்ச்சி கெடுவதில்லை.

கிருமி எங்கே குடியிருக்கிறது என்ற கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. சூடானில் மண் மாதிரிகள் பலவற்றிலும், சேகரித்த முட்களுள் ஒன்றிலும் கறுப்புக் குருணைக் காளானின் மரபுப்பொருள் காணப்பட்டது. அக்காளானின் நெருங்கிய உறவினங்கள் சாணத்தில் வளர்பவை என்று அறிந்தபின், முள்ளால் வேலியிட்ட கால்நடைப் பட்டிகளின் மேல் ஆராய்ச்சியாளரின் ஐயம் விழுந்திருக்கிறது. நம் ஊர்களிலும் உடைமுள்ளால் வளைத்த ஆட்டுப்பட்டிகள் உண்டு. உள்ளே புழுக்கையும் முள்ளும் கலந்தே கிடக்கும். ஐயம் உறுதிப்படும் வரையில், பட்டிக்குள் வெறுங்காலோடு இறங்காதிருப்பது எவருக்கும் நஷ்டமன்று.

செருப்பு அணியுங்கள் என்று சொல்வது எளிது. சேற்று வயலில் செருப்பு நில்லாது. மெல்லிய ரப்பர்ச் செருப்பைக் கருவேல் முள் துளைத்துக்கொண்டு மேலே வரும். காட்டு வேலைக்குப் பழைய டயரில் தைத்த தடித்த செருப்பே மேல். முள் தைத்தால் முழுவதையும் சுத்தமான ஊசியால் எடுத்து, சோப்பும் நீரும் இட்டுக் கழுவ வேண்டும். ரணஜன்னிக்கான ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு தடவுதல், சூடு போடுதல், கட்டியைக் கீறிப் பிதுக்குதல் கூடா.

காலில் வலியில்லாத கட்டி ஒன்று சில வாரங்கள் ஆகியும் கரையாமல் இருந்தால், அரசினர் ஆஸ்பத்திரியின் தோல்நோய்ப் பகுதிக்கோ அறுவைப் பகுதிக்கோ செல்க. 2022 ஜனவரியில் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது; மதுரையில் அரசு இராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. துவாரத்தின் மேல் சுத்தமான துணியை இரவில் கட்டிவைத்துக் காலையில் பார்த்தால் சில சமயம் குருணை அதில் ஒட்டியிருக்கும். அத்துணியை அலசாமல் அப்படியே எடுத்துச் செல்லலாம். எந்தக் காலத்தில், எந்தக் காட்டில் முள் குத்தியது என்பது நினைவிருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லவும்.