உறைந்து உறைந்து கசியும் ரத்தம்

ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சு சற்று நேரத்தில் சிவந்துவிடுகிறது. மாற்றி வைத்தால் அதுவும் நனைகிறது. ஈறுகளில் கசிவு, சிறுநீரில் செந்நிறம். அதே நோயாளியின் விரல் நுனிகளோ கறுத்துச் சில்லிட்டுக் கிடக்கின்றன. ஓரிடத்தில் ரத்தம் நிற்க மறுக்கிறது, இன்னோரிடத்தில் ஓட மறுக்கிறது. கடுமையான செப்சிஸில் இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாம்.

கிருமித் தொற்றை எதிர்த்துக் கிளம்பிய உடல், கட்டுமீறித் தன் உறுப்புகளையே சிதைப்பதுதான் செப்சிஸ். அப்போது வெள்ளணுக்களின் மேற்பரப்பில் 'திசுக் காரணி' என்ற புரதம் தலைகாட்டுகிறது. காயம் பட்டால் மட்டுமே ரத்தத்தைத் தொட வேண்டிய புரதம் அது. விளைவு, நுண்ணிய நாளங்களில் ஆங்காங்கே ரத்தம் உறைகிறது. உறைதலுக்குக் கடிவாளம் போடும் புரதம் சி, ஆன்டித்ராம்பின் ஆகியவை குறைகின்றன. உறைகட்டியைக் கரைக்கும் ஏற்பாடும் முடங்குகிறது. தட்டணுக்களும் (பிளேட்லெட்), ஃபைப்ரினோஜன் என்ற உறைபுரதமும் இந்தக் கட்டிகளிலேயே செலவாகிவிட, நிஜமான காயத்தை அடைக்கக் கையிருப்பு இல்லை. இந்த நிலைக்கு 'டி.ஐ.சி.' என்று பெயர்.

"பிளேட்லெட் ஏத்துங்க டாக்டர்" என்று உறவினர்கள் தவிப்பது இயல்பு. ஆனால், தொற்று அடங்காதவரை ஏற்றியதும் செலவாகிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே தகுந்த ஆன்டிபயாடிக்கைத் தாமதமின்றிக் கொடுப்பதும், சீழ் கட்டியிருந்தால் வடிப்பதும்தான் முதல் வைத்தியம்.

தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. 2016-ஆம் ஆண்டுக்கான சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல், ரத்தக்கசிவு இல்லாதவருக்கு அந்த எண்ணிக்கை 10,000-க்குக் கீழே போனால் ஏற்றலாம் என்றது. கசிவு அபாயம் அதிகமென்றால் 20,000. ரத்தம் கசிந்துகொண்டிருந்தாலோ அறுவை சிகிச்சை என்றாலோ 50,000. பரிசோதனை எண்ணைச் சரிசெய்வதற்காக மட்டும் பிளாஸ்மா ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னது. கசிவு இல்லாத பலருக்கு, கால் நாளங்களில் கட்டி சேராதிருக்கக் குறைந்த அளவு ஹெப்பாரின்கூடத் தேவைப்படும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து அது!

உறைதலை மட்டும் அடக்கிச் செப்சிஸை வெல்லும் முயற்சியும் நடந்தது. செயலூக்கப்பட்ட புரதம் சி மருந்தான 'ஸைக்ரிஸ்', 1,690 பேரிடம் நடந்த ஆய்வில் இறப்பைச் சுமார் 31 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைத்தது. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் ரத்தக்கசிவு அபாயம் கூடவே வந்தது. அடுத்த பெரிய ஆய்வில் பலனும் நிரூபணமாகவில்லை. 2011-இல் மருந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

ஒருவர் தானம் தரும் தட்டணுக்கள், 20 முதல் 24 டிகிரி வெப்பநிலையில், ஓயாமல் ஆடும் தட்டில், வழக்கமாக 5 நாட்கள்தான் தாங்கும். அத்தனை அருமையான பொருளை, தேவைப்படும் உயிருக்குத் தேவைப்படும் நேரத்தில் தருவதே நியாயம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் "பிளேட்லெட் எவ்வளவு?" என்று கேளுங்கள். கூடவே, "தொற்று எங்கே என்று பிடிபட்டதா, அடங்குகிறதா?" என்றும் கேளுங்கள். பஞ்சு நனையாமல் நிற்கும் நாள் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.