கம்பம் பள்ளத்தாக்கில் ஒளியை அளத்தல்

ஒளிப்படம் கற்கத் தொடங்குவோர், படம் வெளிறிப்போவதையும் இருண்டுபோவதையும் கேமராவின் குறை என்றே முதலில் கருதுகின்றனர். ஆனால் கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரில் இருப்பது வெள்ளையா கறுப்பா என்று அறியாமல், எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கொண்டு பெரும்பாலும் கணக்கிடுகிறது. முல்லைப் பெரியாற்று நீரால் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில், நடவுக்கு உழுது போட்ட தொளியில் நிற்கும் கொக்கு இதற்கு நல்ல சோதனை. கருஞ்சேறு சட்டகத்தை நிறைப்பதால் ஒளிமானி அதை வெளுப்பாக்க முயல, கொக்கின் இறகுகள் விவரமற்ற வெள்ளைத் திட்டாகிவிடுகின்றன. எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் ஒளியின் அளவை, ஒன்றிரண்டு படிகள் குறைத்தால் இறகுகள் மீளும். ஒரு படி குறைப்பது என்பது ஒளியைப் பாதியாக்குவது.

இந்த அளவை லென்ஸின் துளையாகிய அப்பர்ச்சர், அத்துளை வழியே ஒளி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஷட்டர், ஒளிப்பதிவின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ ஆகிய மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. பளிச்சென்ற வெயிலில் ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 16 என்றால் ஷட்டர் 1/100 நொடி என்பது பிலிம் காலத்து விதி. எஃப் 8 ஆகத் துளையைப் பெரிதாக்கினால் நான்கு மடங்கு ஒளி புகுவதால் 1/400 போதும்.

இதே பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலுக்குள் இவ்விதி செல்லாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையின் கருநீலக் குலைகள், அவற்றின் மேல் படிந்திருக்கும் மெல்லிய வெண்பூச்சு, இலையிடுக்கில் விழும் வெயில் பொட்டுகள், பந்தலுக்கு வெளியே வெயிலில் தகதகக்கும் மலைச்சரிவு ஆகிய அனைத்தையும் ஒரே எக்ஸ்போஷரில் தெளிவாகப் பதிப்பது கடினம். ஏதேனும் ஒன்றை இழந்தே தீர வேண்டும். இரண்டடி உள்ளே நகர்ந்து, வரிசையாக நிற்கும் பந்தல் தூண்களை நோக்கித் திரும்பி, வெளிச்சமான விளிம்பைச் சட்டகத்திலிருந்து விலக்கினால், எஞ்சிய ஒளி கேமராவின் எல்லைக்குள் அடங்கிவிடும். சட்டகத்தை எங்கே வெட்டுவது என்பதும் எவ்வளவு ஒளி விடுவது என்பதும் இங்கே ஒரே முடிவு. பயிற்சி நூல்கள் இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாக்கி, முதலில் சட்டகத்தை மும்மூன்றாகப் பிரித்துப் பொருளை அக்கோடுகளில் வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியை மனப்பாடம் செய்யவைப்பது கற்பவருக்கு நன்மையைவிடக் குழப்பத்தையே தருகிறது.

மாலையில் மேற்கு மலை சூரியனை முன்னதாகவே மறைத்துவிட, வயல்வெளி நிழலிலும் வானம் வெளிச்சத்திலும் இருக்கும்; அப்போது வானத்துக்கு அளந்தால் தென்னைகள் கருநிழல்களாகும், வயலுக்கு அளந்தால் வானம் வெளிறும். செல்பேசி மட்டும் வைத்திருப்போரும் பல கருவிகளில் திரையைத் தொட்டுத் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து எக்ஸ்போஷரைக் குறைக்கும் பயிற்சியைச் செய்யலாம். தோட்டத்துக்காரரிடம் அனுமதி கேட்ட பின்னரே பந்தலுக்குள் செல்ல வேண்டும். மருந்தடித்த நாளில் செல்லவே கூடாது.