'நெட்' மலிவாகக் கிடைக்குதா? கையெழுத்துக்கு முன்னாடி கணக்குப் போடுங்க!

சென்னை:-

"மாசம் நானூறு ரூபாகூட ஆகாதும்மா... எல்லாமே அன்லிமிடெட்!"

மாலை நேரத்தில் கதவைத் தட்டி, வண்ண நோட்டீசை நீட்டும் இளைஞர்கள் ஓதும் மந்திரம் இது. சைதாப்பேட்டை, வில்லிவாக்கம், பெரம்பூர், வேளச்சேரி... எந்தப் பேட்டைக்குப் போனாலும் இதே பாட்டுதான். ஆட்டோவின் முதுகில் விளம்பரம். மின் கம்பத்தில் அட்டை. போதாக்குறைக்கு செல்போனில் ஓயாத அழைப்பு!

மலிவாகக் கிடைப்பதை வேண்டாம் என்பாரா யாரும்? மாதம் 200 ரூபாய் மிச்சமானால் ஒரு குடும்பத்துக்கு அது சாதாரணமா?

ஆனால் மாறிய பிறகு "ஐயோ, பழசே தேவலையே!" என்று தலையில் கை வைப்பவர்களும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எங்கே சறுக்குகிறது? பார்ப்போம்.

போட்டியால் வந்த லாபம்

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டு 15-ந்தேதி. வி.எஸ்.என்.எல். கொண்டுவந்தது. அன்று அது பணக்காரர் வீட்டுப் பண்டம்!

2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் கடை விரித்தபோது, மிகக் குறைந்த மாதக் கட்டணமே 699 ரூபாய். ஒரே வருடத்தில், 2020 செப்டம்பரில், 399 ரூபாய்க்கு ஒரு திட்டம் வந்தது. உடனே ஏர்டெல்லும் 499 ரூபாய்க்கு இறங்கி வந்தது. இரண்டுக்கும் வரி தனி.

அந்த 2020 மார்ச் ஊரடங்கில்தான் பள்ளிக்கூடமும் ஆபீசும் வீட்டுக்குள் நுழைந்தன. அன்று முதல் 'நெட்' என்பது பால், தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. 2024 ஜூலையில் செல்போன் கட்டணங்கள் ஏறிய பிறகு, "நாலு போனுக்கும் பெரிய ரீசார்ஜ் போடுறதுக்குப் பதிலா வீட்டுக்கு ஒரு 'வைஃபை' போட்டுடலாமே" என்ற எண்ணமும் பரவியது. நியாயமான எண்ணம்தான்!

டாக்டர் படிப்பு இல்லீங்க!

நோட்டீசில் '40 எம்.பி.பி.எஸ்.', '100 எம்.பி.பி.எஸ்.' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இது டாக்டர் படிப்பு அல்ல. ஒரு விநாடிக்கு எத்தனை மெகா 'பிட்' வரும் என்ற வேகக் கணக்கு.

நாம் படத்தை இறக்குவது மெகா 'பைட்' கணக்கில். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 40 என்று எழுதியிருந்தால் 8-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 5 எம்.பி. ஒரு ஜி.பி. படம் இறங்க மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகும்.

சரி, வீட்டுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்லும் கணக்கு: முழு எச்.டி. படத்துக்கு 5, பெரிய 4-கே டி.வி.க்கு 15. வீடியோவில் பேசுவதற்கு நாலைந்து இருந்தால் தாராளம். அப்பா டி.வி.யில் படம், மகன் போனில் கிரிக்கெட், மகள் ஆபீஸ் மீட்டிங்... எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 20-ஐத் தாண்டுவது அபூர்வம். நாலு பேர் உள்ள நடுத்தரக் குடும்பத்துக்கு 40, 50 போதும்.

300 வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊறுகாயா போடுவது!

இன்னொரு சங்கதி. மத்திய அரசு 2023 ஜனவரியில் மாற்றிய விளக்கப்படி, குறைந்தபட்சம் 2 எம்.பி.பி.எஸ். வேகம் இருந்தாலே அது 'பிராட்பேண்ட்'தான். ஆகவே அந்தப் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஒரு தாள், ஒரு பென்சில்

இதோ ஒரு கணக்கு. தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் பில்லை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது நீங்கள் கட்டுவது மாதம் 799 ரூபாய் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 942 ரூபாய் 82 காசு. புதுக் கம்பெனிக்காரர் 599 என்கிறார். அதற்கும் வரி உண்டு. 706 ரூபாய் 82 காசு. மாதம் 236 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 2,832 ரூபாய்.

பலே என்று துள்ள வேண்டாம்!

இணைப்பு கொடுக்க 1,000, 'ரவுட்டர்' பெட்டிக்கு 1,500 என்று கேட்டால் 2,500 ரூபாய் போய்விடும். முதல் வருட மிச்சம் வெறும் 332 ரூபாய். மாதத்துக்கு 28 ரூபாய்கூட இல்லை!

இப்போது இன்னொரு வழி. இருக்கிற கம்பெனிக்கே போன் போட்டு, "எனக்கு இவ்வளவு வேகம் வேணாம். சின்ன பிளான் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். அங்கேயே 599-க்கு ஒரு திட்டம் இருந்தால், ஒயரும் மாற்ற வேண்டாம், பெட்டியும் வாங்க வேண்டாம். 2,832 ரூபாய் முழுசாக உங்கள் பெட்டிக்குள்!

"வேற கம்பெனிக்கு மாறப்போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வாடிக்கையாளரை விட மனமில்லாமல், விளம்பரத்தில் இல்லாத சலுகை ஒன்றை எடுத்து நீட்டுவதும் உண்டு. கேட்பதில் காசா பணமா!

நட்சத்திரக் குறியில் ரகசியம்

'அன்லிமிடெட்' என்ற சொல்லின் தலையில் குட்டியாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் அதற்கு விளக்கம்.

மாதத்துக்கு இத்தனை ஜி.பி. வரைதான் முழு வேகம். தாண்டினால் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும். பல திட்டங்களில் இந்த எல்லை 3,300 ஜி.பி. சாதாரணக் குடும்பம் இதைத் தொடுவது கஷ்டம். ஆனால் எல்லை மிகக் குறைவாக உள்ள திட்டங்களும் உண்டு. "தாண்டினா எவ்வளவு ஸ்பீடு வரும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

"சினிமா ஆப் பத்து ஃப்ரீ" என்பார்கள். அதில் நீங்கள் பார்ப்பது எத்தனை? பார்க்காத ஆப்புக்கும் நீங்கள்தானே பணம் கட்டுகிறீர்கள்!

"இந்த விலை எத்தனை மாசத்துக்கு?" என்றும் கேளுங்கள். ஆரம்பச் சலுகை முடிந்ததும் பில் குதித்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரரே நிபுணர்!

ஒரே கம்பெனி மயிலாப்பூரில் ஜோராக வேலை செய்யும். முடிச்சூரில் மூச்சு வாங்கும். காரணம், கடைசி நூறு அடி ஒயரும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களும்தான்.

கண்ணாடி இழை வீட்டுக்குள்ளேயே வருகிறதா? அல்லது மொட்டை மாடிப் பெட்டி வரை இழை, அங்கிருந்து சாதா ஒயரா? இதை முதலில் கேட்க வேண்டும். மாடிப் பெட்டி என்றால், கரண்ட் போனதும் அந்தப் பெட்டியும் படுத்துவிடும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பிரயோசனம் இல்லை!

2023 டிசம்பர் மிச்சாங் புயலை மறக்க முடியுமா? வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாம் வெள்ளத்தில் நின்றன. கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. அந்த நேரத்தில் யார் முதலில் ஓடி வந்து சரி செய்தார்கள் என்பது எந்த விளம்பரத்திலும் வராது. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும்.

"அக்கா, உங்க வீட்ல எந்த நெட்டு? ஒயர் கட்டாச்சுன்னா எத்தனை நாள்ல வர்றாங்க?"

"ராத்திரி ஒன்பது மணிக்கு படம் நிக்காம ஓடுதா?"

இந்த இரண்டு கேள்வி போதும். ராத்திரி நேரம் ஏன் முக்கியம்? ஒரே இழையை 32 வீடு, 64 வீடு என்று பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். எல்லாரும் சாப்பிட்டுவிட்டு டி.வி. முன் உட்காரும்போதுதான் சாயம் வெளுக்கும்.

ஒரு நாள் சம்பளம் போச்சே!

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குத் தினம் 600 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது இணைப்பு மாதம் ஒரு நாள் படுத்தாலே 600 ரூபாய் நஷ்டம். மிச்சம் பிடித்ததோ 236!

இப்படிப்பட்ட வீடுகளில் விலையைவிட, பழுதுக்கு ஆள் வரும் வேகம்தான் பெரிசு. பொழுதுபோக்குக்கு மட்டும் நெட் வைத்திருப்பவர்கள் தைரியமாக மலிவுப் பக்கம் சாயலாம். தனி ஆள், வாட்ஸ்-அப்பும் கொஞ்சம் வீடியோவும்தான் என்றால், இணைப்பே தேவையில்லை. செல்போன் டேட்டாவே போதும்.

11 மாத வீட்டுக்கு 12 மாதப் பணமா?

"ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டினா இன்ஸ்டலேஷன் ஃப்ரீ சார்!"

வாடகை வீட்டுக்காரர்களே, உஷார்! பெரும்பாலான வாடகை ஒப்பந்தம் 11 மாதம்தான். புது வீடு இருக்கும் தெருவில் அந்தக் கம்பெனி இல்லாவிட்டால் கட்டிய பணம் என்னாவது? பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தை வேண்டாம்.

முதலில் ஒரு மாதம், மிஞ்சினால் மூன்று மாதம். அதற்குமேல் முன்பணம் கட்டுமுன் நன்றாகப் பழகிப் பாருங்கள்.

செல்போன் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றுவதுபோல வீட்டு நெட்டை மாற்ற முடியாது. புது இணைப்பு தனி, பழைய இணைப்பைத் துண்டிப்பது தனி. ஆகவே புதுசு பத்து நாள் ஒழுங்காக ஓடிய பிறகு பழசைத் துண்டியுங்கள். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது அவசியம். இல்லாவிட்டால் "பெட்டி வரலையே" என்று ஒரு பில் வந்து நிற்கும்.

டிமிக்கி கொடுத்தால்...?

நெட் நின்றுபோனால் முதலில் பெட்டியைப் பாருங்கள். 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியே இழையில்தான் கோளாறு. அணைத்து அணைத்துப் போட்டுப் பிரயோசனம் இல்லை. உடனே புகார் செய்யுங்கள்.

தெருவில் பார்த்த ஆளிடம் "அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்கண்ணே" என்று சொல்வது புகார் ஆகாது. கம்பெனிக்குச் சொல்லி, புகார் எண் வாங்க வேண்டும். அந்த எண்தான் உங்கள் ஆயுதம்!

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' 2024 ஆகஸ்டில் வெளியிட்ட விதிகளின்படி, வீட்டு இணைப்பின் பழுதை 3 நாளுக்குமேல் இழுத்தடித்தால் வாடிக்கையாளருக்கு ஈடு தரவேண்டும். பில் வந்ததும் அதைக் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

புகாருக்குப் பதில் இல்லையா? அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். அங்கே போட்ட மனு மீது 39 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லலாம்.

அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புக் கம்பெனிகள் மீது அங்கே வழக்குப் போடலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே! வரியோடு சேர்த்து வருடக் கணக்கு, பக்கத்து வீட்டு விசாரணை, எழுத்தில் நிபந்தனை... இந்த மூன்றும் முடிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

"இன்னைக்கே சேர்ந்தாதான் இந்த ஆஃபர்" என்று அவசரப்படுத்துகிறாரா? "நாளைக்கு வாப்பா" என்று சொல்லி அனுப்புங்கள். இத்தனை கம்பெனி போட்டி போடும் ஊரில், நாளைக்கும் ஒரு ஆஃபர் வராமலா போய்விடும்!