ஒரே இடத்தில் மாடு மேய்ந்தால் புல்லும் போகும், பாலும் போகும்!

ஸ்ரீமுஷ்ணம்:
சம்பா அறுவடை முடிந்து விட்டாலே ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோவில் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு தலைவலிதான். தாள் நிற்கும் வயலில் மாட்டை ஓட்டி விடலாம் என்றால் முடியாது. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்து, பயறு தெளித்து விடுகிறார்கள். அதில் மாடு வாய் வைத்தால் பஞ்சாயத்துதான். கடைசியில் மாடுகள் எல்லாம் புறம்போக்குக்கும், ஏரிக்கரைக்கும் போகின்றன. அங்கேதான் வினை!

வேர் செத்துப்போகும்

ஒரே இடத்தில் தினமும் மேய்ந்தால் மாடு துளிர்க்கிற புல்லைத்தான் தேடித்தேடி கடிக்கும். வேர் வலுவிழந்து நல்ல புல் பட்டுப்போகும். மாடு தொடாத களைச்செடி மட்டும் மண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தை நாலாக பிரிங்க. ஒரு பங்கில் ஒரு வாரம் மேய விட்டு அடுத்த பங்குக்கு மாற்றுங்க. முதல் பங்குக்கு திரும்பி வரும்போது அது 3 வாரம் ஓய்வில் இருந்திருக்கும். கோடையில் துளிர் வர இன்னும் நாளாகும். எப்போதும் நாலு விரல் உயரம் புல்லை மிச்சம் விட்டே மாட்டை நகர்த்தணும்.

காங்கேயம் பக்கம் இது புதுசு இல்லை. அங்கே கொறங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலத்துக்கு கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப்புல் வளர்த்து, காடு மாற்றி மாற்றித்தான் மாடு மேய்க்கிறார்கள்.

ஏரி ஓரம் உஷார்!

தண்ணீர் வற்ற வற்ற ஏரி ஓரத்தில் பச்சைப்பசேல் என்று புல் முளைக்கும். பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் அங்கே இருக்கும் நத்தைக்குள் வளர்ந்து வெளியே வரும் தட்டைப்புழு அந்தப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போய் கல்லீரலை அரித்து விடும். மாடு மெலியும், கழியும், பால் குறையும். தாடைக்கு கீழே பை போல வீங்கினால் நோய் முற்றி விட்டது என்று அர்த்தம்.

எனவே சேறும் சகதியுமான ஓரத்தில் மேய விடாதீங்க. பனி காய்ந்த பிறகு மாட்டை ஓட்டுங்க. குடற்புழு மருந்தை கால்நடை டாக்டரிடம் கேட்டுத்தான் கொடுக்கணும். அவசரம் என்றால் 1962-க்கு போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

ஊர் மாடு எல்லாம் மேயும் புறம்போக்கில் ஒருத்தர் மட்டும் பங்கு பிரிக்க முடியாது. மாடு வைத்திருப்பவர்கள் கூடிப்பேசி, இந்த வாரம் இந்தப் பக்கம் என்று முடிவு செய்தால் புல்லும் மிஞ்சும், சண்டையும் வராது.