பால் குடித்த பிள்ளைக்கு மயக்க மருந்து கிடையாது!

சங்கரன்கோவிலில் இருந்து விடியற்காலை பஸ் புறப்படுகிறது. ஜன்னல் ஓரத்தில் ஒரு தாய். மடியில் இரண்டு வயதுக் குழந்தை.

குழந்தைக்குத் தலையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். சுமார் 55 கிலோமீட்டர் பயணம். வழியில் பிள்ளை பசித்து அழுகிறது. தாய் மனம் கேட்குமா? கொண்டு வந்த பசும்பாலைப் புகட்டி விடுகிறாள்.

அன்றைய ஸ்கேன் நின்று போகிறது!

இது ஒரு தாயின் கதை அல்ல. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் இது அடிக்கடி நடப்பதுதான்.

முதல் பாடம்

டாக்டர் படிப்பின் பரீட்சைகளை முடித்தவர்கள் ஓர் ஆண்டு பயிற்சி பெற வேண்டும். அவர்களை "ஹவுஸ் சர்ஜன்" என்பார்கள். அந்த ஆண்டில் 2 வாரம் மயக்க மருந்துப் பிரிவில் வேலை.

அங்கே அவர் கற்கும் முதல் பாடம் ஊசி போடுவது அல்ல. கேள்வி கேட்பது!

"பிள்ளை கடைசியா எப்பம்மா சாப்பிட்டான்?"

"ராத்திரி சாப்பிட்டதுதான் டாக்டரம்மா."

"காலையில ஒண்ணுமே குடுக்கலையா?"

"கொஞ்சூண்டு பாலு... ரொம்ப அழுதான்."

இதை அதட்டிக் கேட்டால் உண்மை வராது. அன்பாகக் கேட்க வேண்டும். தாய் மறைத்து விட்டால் ஆபத்து பிள்ளைக்குத்தான். மயங்கிய குழந்தைக்கு விழுங்கவும் இருமவும் தெரியாது. வயிற்றில் உள்ள பால் மேலே வந்து நுரையீரலில் இறங்கி விடும்.

ஆகவே கணக்கு இது: சாதமும் பசும்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். பிள்ளையை இரவு முழுவதும் நாக்கு வறளப் போட வேண்டியதில்லை.

தராசும் காதும்

அடுத்தது தராசு. குழந்தைக்கு மருந்து வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்துத்தான். 10 கிலோ பிள்ளையை 15 கிலோ என்று எழுதி விட்டால் மருந்து ஒன்றரை மடங்கு போய் விடும்!

சில பிள்ளைகளுக்கு "டிரைகுளோபாஸ்" என்ற மருந்தை வாயில் புகட்டுவார்கள். அரை மணி, முக்கால் மணியில் தூக்கம் வரும். சிலருக்கு ஊசி. எதுவானாலும் மூத்த டாக்டர் பக்கத்தில் இருப்பார்.

தூங்கிய பிறகுதான் உண்மையான வேலை. குழந்தையின் நாக்கு பெரிது. மூச்சுக் குழல் சிறிது. தலையும் பெரிது, அதனால் கழுத்து மடங்கிக் கொள்ளும். தோளுக்கு அடியில் ஒரு துணிச் சுருள் வைத்தால் போதும், மூச்சு சீராகி விடும். எடைக்கு எடை பார்த்தால், பெரியவர்களைப் போல இரு மடங்கு பிராணவாயு குழந்தைக்குத் தேவை. மூச்சு நின்றால் கண் மூடித் திறப்பதற்குள் நீலம் பாரித்து விடும்.

காவலுக்கு ஒரு கருவி உண்டு. விரலில் மாட்டினால் ரத்தத்தில் உள்ள பிராணவாயுவைக் காட்டும். இதற்கு வழி கண்டவர் ஜப்பானியரான தகுவோ அவோயாகி, 1974-ம் ஆண்டு. நாடித் துடிப்புக்கு ஏற்ப "டிக், டிக்" என்று ஒலிக்கும். பிராணவாயு குறைந்தால் சுருதி இறங்கும். ஹவுஸ் சர்ஜன் கண்ணைக் குழந்தையின் மார்பிலும், காதை அந்த ஒலியிலும் வைத்திருக்க வேண்டும்.

வலி தெரியாது என்றார்கள்!

இப்படிப் பயிற்சியில் இருந்த ஓர் இளம் டாக்டர்தான் மருத்துவ உலகையே திருத்தினார். பெயர் கன்வல்ஜித் சிங் ஆனந்த். இந்தூரில் படித்தவர். 1980-களில் மேல் ஆராய்ச்சிக்காக இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுக்குப் போனார்.

குறை மாதக் குழந்தைகள் ஆபரேஷன் முடிந்து வரும்போது துவண்டு, வெளிறிப் போய் வருவதை அவர் கண்டார். காரணம் என்ன? அந்தப் பச்சிளங் குழந்தைகளுக்குக் கை கால் அசையாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுக்கவில்லை! நரம்பு முதிராத சிசுவுக்கு வலி தெரியாது என்பது அன்றைய நம்பிக்கை. மருந்தே உயிரைக் குடித்து விடுமோ என்ற பயம் வேறு. பெற்ற தாயைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள்!

ஆனந்தும் அவருடன் இருந்தவர்களும் இருதய ரத்தக் குழாய் ஆபரேஷனுக்கு வந்த 16 குழந்தைகளைச் சோதித்தார்கள். 8 பேருக்கு வழக்கமான முறை. மற்ற 8 பேருக்கு அதோடு "பென்டனில்" என்ற வலி நீக்கும் மருந்து. மருந்து பெற்ற குழந்தைகளே நன்றாகத் தேறின. 1987-ல் "லான்செட்" பத்திரிகையில் இது வெளியானது. டாக்டர்கள் திடுக்கிட்டார்கள். முறை மாறியது.

திரும்பும் பஸ்ஸில்

ஸ்கேன் முடிந்ததும் பிள்ளையை உடனே தூக்கிக் கொண்டு ஓடக் கூடாது. நன்றாக விழித்து, தாயை அடையாளம் கண்டு, தண்ணீர் குடித்த பிறகே அனுப்புவார்கள்.

ஆனாலும் பஸ் ஆட்டத்தில் மறுபடி கண் சொருகும். தலை தொங்கி, மோவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைபடும். ஆகவே சங்கரன்கோவில் வந்து சேரும் வரை தாய் தூங்கக் கூடாது. பிள்ளையின் மோவாயை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்துக் கொள்ள வேண்டும். ஹவுஸ் சர்ஜன் இதைச் சொல்லி, தாயின் கையைப் பிடித்துச் செய்தும் காட்டி, பிறகுதான் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுகிறார்.